ஐடா ரென்ஷாவின் தாயும் என்னுடைய தாயும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் புத்தக வெளியீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரோல்சுக்காகத்தான் வருகிறார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. பனிக்காலத்துச் சனிக்கிழமை பின்னேரம், கார் விட இடம் தேடி அலைந்து, கழற்றிய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது பேரின் உரையைக் கேட்கிற ஒரு மனிதருக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொடுப்பது குறைந்தபட்ச மனிதாபிமானம். புத்தகத்தையும் வாங்குவார்கள். மேடையில் நின்று படம் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலுமாரியில் நிமிர்த்தி வைப்பார்கள். வாசிப்பது வழக்கத்தில் இல்லை. வெளியிட்டு வைப்பவர் வாசித்திருக்கமாட்டார், வாழ்த்த வந்தவர் வாசித்திருக்கமாட்டார், முதற்பிரதி வாங்குகிறவர் கட்டாயம் வாசித்திருக்கமாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த வழக்கத்தை நம்பித்தான் என் காரியம் முழுவதையும் ஒழுங்கு செய்தேன். அது என்னைக் கைவிடவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் சஞ்சீவன். வயது இருபத்திரண்டு. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். இணையத்தில் ஒரு நையாண்டிப் பக்கம் நடத்துகிறேன். நன்றியுரையின்போது தூங்கிப்போன ஒருவர் எழும்பிப் பார்த்தபோது பேரப்பிள்ளைகளுக்குக் கலியாணம் முடிந்திருந்தது என்பதுபோன்ற செய்திகளை மிகவும் பொறுப்போடு எழுதுவேன். ஆட்கள் சிரிப்பார்கள், பகிர்வார்கள், மறப்பார்கள். சிரிக்க வைக்கிறவனை எங்கள் சனம் எழுத்தாளன் என்று சொல்லாது. கலியாண வீட்டில் மைக் பிடிக்கத்தான் கூப்பிடும்.

என் அம்மா பரிமளம் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடம் ஒன்றில் வேலை செய்கிறார். அப்பா வீரக்குட்டி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நாங்கள் மட்டக்களப்புப் பக்கம். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். தவநேசன். அவனைப் பற்றி எனக்கு எந்த நினைவும் இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கிற படத்தில் அவனுக்குப் பதினாறு வயது. இப்போது பார்த்தால் நான்தான் அவனுக்கு அண்ணன் மாதிரி இருப்பேன்.

அண்ணனின் கதை எங்கள் வீட்டில் ஒரே விதமாகத்தான் சொல்லப்பட்டு வந்தது. சொல்பவர் அப்பா. யுத்தத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை தரவேண்டும் என்று கேட்டு வந்த காலம் அது. கேட்டு வந்தவர்கள் யார் என்று நான் எழுதவில்லை. எங்கள் ஊரில் வாசலுக்கு வருகிறவர்களின் பெயர் அடிக்கடி மாறும், கேட்கிற பொருள் மாறாது. அப்பா அப்போது கட்டாரில் வேலை. அம்மா அண்ணனைப் பக்கத்து முஸ்லிம் ஊரில், அப்பாவின் உயிர்ச் சிநேகிதர் மீராசாஹிபுவின் புடைவைக் கடைப் பரணில் ஒளித்து வைத்தார். சில நாட்களில் அவர்கள் நேரே அந்தக் கடைக்குப் போய், நேரே பரணுக்கு ஏணி வைத்தார்கள். அண்ணனை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. மீராசாஹிபு காட்டிக்கொடுத்துவிட்டார் என்று ஊர் சொன்னது. அப்பா நம்பினார். ஒருவர் மேல் கோபத்தை வைத்துக்கொள்ள முடிந்ததால்தான் அவர் அந்த நாட்களில் உயிரோடு இருந்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தோம். மீராசாஹிபுவும் வந்தார். வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் தெருப் பிளாசா ஒன்றில் இறைச்சியும் மளிகையும் விற்கிற கடை போட்டார். அப்பா லோரன்ஸ் தெருவை விட்டு எல்ஸ்மியரால் சுற்றிப் போக ஆரம்பித்தார். பதினைந்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் சுற்றினார். பெற்றோல் விலை ஏறியபோதும் சுற்றினார்.

இனி ஐடா ரென்ஷாவுக்கு வருகிறேன். அவர் இல்லாவிட்டால் நான் இதைச் செய்திருக்கமாட்டேன்.

ஐடா ரென்ஷா அமெரிக்க நாவலாசிரியை. எங்களுக்குப் பாடமாக இருந்தவர். ஒஹாயோவில் ஒரு சிறு பட்டினத்தில், தானியக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். 'கொட்டகையில் வெளிச்சம்' என்பது அவருடைய முதல் நாவல். யுத்தத்துக்குப் போக மறுத்து ஒளிந்திருக்கிற மகனை ஒரு தாய் காட்டிக்கொடுக்கிறாள். வாய் திறந்து சொல்வதில்லை. மகன் ஒளிந்திருக்கும் கொட்டகை வாசலில் ஒரு லாந்தரைக் கொளுவிவிட்டு வந்து, கைகழுவி, மாப் பிசைகிறாள். அவ்வளவுதான் கதை. ஏன் செய்தாள் என்று ஐடா ஓரிடத்திலும் சொல்வதில்லை. புத்தகம் வந்த கிழமையே பட்டினத்துக்குத் தெரிந்துவிட்டது, அந்தத் தாய் ஐடாவின் தாய், அந்த மகன் ஐடாவின் அண்ணன் என்று. தேவாலயத்துக்கு முன்னால் புத்தகத்தை எரித்தார்கள். நூலகங்கள் ஒதுக்கின. பள்ளிக்கூடங்கள் தடைசெய்தன. பிறகு அதே பள்ளிக்கூடங்கள் அதைப் பாடமாக வைத்தன. அவருக்குப் பின்னால் எழுத வந்த ஒரு தலைமுறையே அவரைப் பார்த்து எழுதியது என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார்.

பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது ஐடா ஒரே ஒரு பதில்தான் சொன்னார். "நான் என் தாயைப் பற்றி எழுதவில்லை. ஒரு தாயைப் பற்றி எழுதினேன்."

அந்த வசனத்தை நான் கைபேசியின் முகப்பில் போட்டு வைத்திருந்தேன்.

வியாழக்கிழமைகளில் அம்மாவை வேலையிலிருந்து ஏற்றி வருவது என் பொறுப்பு. பகல் வேலை முடிந்து வரும்போது நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராது. அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு கதை கேட்பார். அன்றும் கேட்டார்.

"இண்டைக்கு என்ன மனே படிச்ச நீ?"

"ஒரு அமெரிக்கப் பொம்பிளை எழுதின கதை அம்மா. தாய் ஒருத்தி சொந்த மகனையே காட்டிக்குடுக்கிறா."

"ஏனாம்?"

"அது தெரியாமத்தான் எங்களை மூவாயிரம் சொல்லில கட்டுரை எழுதச் சொல்லியிருக்கு."

அம்மா சிரித்தார். நான் லாந்தரைப் பற்றிச் சொன்னேன், மாப் பிசைந்ததைச் சொன்னேன், புத்தகத்தை எரித்ததைச் சொன்னேன். அம்மா முன்னால் நின்ற லொறியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த நாள் அவ என்ன சமைச்சவ?" என்றார்.

"ஆர்?"

"அந்தத் தாய்."

"அது கதையில இல்லை. கொட்டகையோட கதை முடிஞ்சிது."

"எழுதினவவுக்கு முடிஞ்சிருக்கும்."

வாகனங்கள் கொஞ்சம் நகர்ந்து திரும்பவும் நின்றன.

"நான் சோறும் பருப்பும் சமைச்சன்," என்றார் அம்மா. "உனக்குப் பசிச்சிது."

பிறகு சொன்னார். கீல் தெருவுக்குக் கிட்டத் தொடங்கினார், யங் தெருவைத் தாண்டமுன்னர் முடித்துவிட்டார். பரணைச் சொன்னது மீராசாஹிபு இல்லை. அம்மாதான். வந்தவர்களிடம், எங்கள் வீட்டு வாசலில் நின்று, கடையின் பெயரையும் ஏணி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கிறார். ஊர் மீராசாஹிபுவைப் பழிசொன்னபோது வாயைத் திறக்கவில்லை. மீராசாஹிபுவும் தன் பங்குக்கு ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. ஏன் என்று அம்மாவுக்குத் தெரியாது. அம்மா சொன்னதில் ஒரு பகுதியை இந்த இடத்தில் விட்டுவிடுகிறேன். நாவலிலும் விட்டேன். காரணம் பின்னால் வரும்.

"இதை ஒருத்தரிட்டையும் சொல்லிடாத மனே. அப்பா தாங்கமாட்டார்."

"சொல்லமாட்டன் அம்மா."

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன் என்பதைக் கவனிக்கவேண்டும். ஒருவரிடமும் சொல்லவில்லை. எழுதினேன்.

நாவலுக்கு 'புடைவைக் கடைப் பரண்' என்று பெயர் வைத்தேன். பெயர்களை மாற்றினேன். மீராசாஹிபு காதர் ஆனார், அம்மா கனகம் ஆனார். கோடை விடுமுறை முழுவதும் எழுதினேன். அம்மா வேலைக்குப் போகுமுன் என் மேசையில் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போவார். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. பிள்ளை கடைசியாக ஏதோ உருப்படியாகச் செய்கிறான் என்று அன்ரிமாரிடம் போனில் சொல்வது எனக்குக் கேட்கும். அம்மாவுக்கு அது பெரிய சந்தோசம். ஒரு தாய்க்கு அந்தச் சந்தோசத்தைக் கொடுத்ததையும் என் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

எனக்கு நியாயமான நோக்கங்கள் இருந்தன. நிரபராதி ஒருவர் இருபது வருடமாகப் பழி சுமக்கிறார். அப்பா பிழையான மனிதரை வெறுத்துக்கொண்டிருக்கிறார். அம்மா பாரத்தோடு வாழ்கிறார். ஒரு புத்தகத்தால் மூன்றும் தீரும். நான்காவதாக, எங்கள் சனத்தில் முதல்தடவையாக ஒரு புத்தகத்தைப் பற்றி ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். இந்த நான்காவதை முதலாவதாக வைத்து யோசித்தேன் என்று சிலர் சொல்கிறார்கள். வரிசை முக்கியமில்லை.

விமர்சன உரைக்குக் கிளடிஸ் ரீச்சரைப் பிடித்தேன். மட்டக்களப்பில் ஆங்கிலம் படிப்பித்தவர், எழுபது தாண்டியவர். ரொறன்ரோவில் பேசப்போகிற புத்தகத்தை வாசித்துவிட்டுப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரை அதிகம் கூப்பிடமாட்டார்கள். வெளியீட்டுக்கு முன் என்னை ஒரு கோப்பிக் கடைக்கு வரச்சொன்னார். கதை உண்மை என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

"நல்லா எழுதியிருக்கிறீர் தம்பி. ஆனா உதில ஒரு சாமான் குறையுது."

"என்ன ரீச்சர்?"

"தாய் சும்மா சொல்லமாட்டாள். நான் முப்பது வருசம் படிப்பிச்சனான். பிள்ளைக்காகப் பொய் சொன்ன தாய்மாரைத்தான் கண்டிருக்கிறன். காச்சல் எண்டு கடிதம், செத்துப்போன பாட்டனுக்கு மூண்டாந்தரம் செத்தவீடு. சும்மா போய்க் காட்டிக்குடுத்த ஒருத்தியையும் காணேல்லை."

"ஐடா ரென்ஷாவும் காரணம் சொல்லேல்லையே ரீச்சர்."

"ஓம். அவ ஏன் சொல்லேல்லை எண்டு அவவின்ர வாழ்க்கை வரலாற்றில கடைசி அத்தியாயத்தில இருக்கு. வாசிச்சனீரோ?"

"அது பரீட்சைக்கு வரேல்லை ரீச்சர்."

கிளடிஸ் ரீச்சர் கோப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு, வகுப்பில் பதில் சொல்லத் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஆறுதலாகச் சொன்னார். ஐடாவுக்குக் காரணம் தெரியாதாம். தாயிடம் கேட்கவே இல்லையாம். கேட்டால் நாவல் போய்விடும் என்று பயந்தாராம். தாய் சாகக் கிடந்தபோது கேட்கப் போனாராம். தங்கச்சி வாசலில் நின்று, அம்மா நித்திரை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாளாம். மூன்று நாள் போனாராம். மூன்று நாளும் அம்மா நித்திரையாம்.

"அதுக்குப் பிறகு அவ ஒரு புத்தகமும் எழுதேல்லை," என்றார் ரீச்சர். "உமக்கு அந்தத் தாயின்ர காரணம் தெரியாட்டி, ஒண்டைக் கற்பனை பண்ணியாவது போடும்."

அந்த விடயத்தில் நான் ஐடாவைவிட அதிர்ஷ்டசாலி. எனக்குக் காரணம் தெரியும். அதைத்தான் விட்டுவிட்டேன் என்று மேலே சொன்னேன். இப்போது சொல்கிறேன்.

அன்று அவர்கள் வாசலுக்கு வந்தபோது அம்மாவின் இடுப்பில் நான் இருந்தேன். எனக்கு இரண்டு வயது. வந்தவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருக்கிறான். நான் தாவிப் போயிருக்கிறேன். யாரிடமும் போகிற பிள்ளையாம் நான். அவன் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, தலையைத் தடவி, "பெரியவன் எங்கயெண்டு சொல்லுங்கம்மா, அதுவரைக்கும் சின்னவன் எங்களோட இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறான். சத்தம் போடவில்லை. துவக்கைக் காட்டவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டி நடந்திருக்கிறான். அவன் தெருமுனைக்குப் போகும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. முனையில் திரும்பியபோது பரணைச் சொன்னார்.

முதல் வரைவில் இந்தக் காட்சி இருந்தது. நன்றாகவும் வந்திருந்தது. திரும்ப வாசித்துப் பார்த்தபோது நாவல் படுத்துவிட்டது தெரிந்தது. பிள்ளை வந்தவுடன் கனகத்துக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. வாசகர் அழுவார், மன்னிப்பார், மூடி வைப்பார். சர்ச்சை வராது. காரணம் தெரிந்த தாயை யார் எரிப்பார்கள்? ஆகவே பிள்ளையை வெட்டினேன். அது கலை சார்ந்த முடிவு. அந்தப் பிள்ளை நான் என்பதற்கும் முடிவுக்கும் தொடர்பு இல்லை.

வெளியீடு தை மாதத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை. அம்மா கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்து முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அப்பா. நிகழ்ச்சியை நடத்தியவர் அலெக்ஸாண்டர் அண்ணை. வெண்கலக் குரல், எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்க்காத கை. யார் யாரை எப்படி மேடைக்கு அழைக்கவேண்டும் என்று நான்தான் அவருக்கு எழுதிக்கொடுத்தேன்.

கிளடிஸ் ரீச்சர் கதையை முழுதாகச் சொன்னார். புடைவைக் கடை, பரண், கட்டாரில் இருக்கும் கணவன், வாசலில் நின்று இடத்தைச் சொல்லும் தாய், பழியைச் சுமக்கும் காதர். நான் மேடையில் இருந்தபடியால் முன்வரிசை நன்றாகத் தெரிந்தது. முதலில் அம்மாவுக்கு விளங்கியது. அவர் மடியிலிருந்த கைப்பையைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். அப்பா எப்போதும் கொஞ்சம் ஆறுதலாக விளங்கிக்கொள்கிறவர். காதர் என்ற பெயர் மூன்றாவது தடவை வந்தபோதுதான் அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தாய்க்கு ஒரு காரணம் இருந்திருக்கவேணும்," என்று முடித்தார் ரீச்சர். "அதை ஆசிரியர் எங்களுக்குத் தரேல்லை."

அலெக்ஸாண்டர் அண்ணை மைக்கை வாங்கினார். நான் எழுதிக்கொடுத்ததை, ஒரு எழுத்துப் பிசகாமல், பெருமிதத்தோடு வாசித்தார். "முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள, இந்தக் கதையின் நாயகி, அந்த உண்மையான தாய், எங்கள் பரிமளம் அக்காவை மேடைக்கு அன்போடு அழைக்கிறேன்."

வீரத்தாய் ஒருவரைப் பற்றிய கதை என்று அவர் நினைத்திருந்தார். கைதட்டலையும் அவரே ஆரம்பித்தார். இரண்டு மூன்று பேர் கூடத் தட்டினார்கள், பிறகு நிறுத்தினார்கள்.

அம்மா எழும்பாமல் இருந்திருக்கலாம். வாசல் பக்கம் நடந்திருக்கலாம். எழும்பி, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, மேடைப் படியில் ஏறி வந்தார். மகனின் புத்தகம் என்பதால் வந்தார் என்று நினைக்கிறேன். நான் பிரதியை நீட்டினேன். அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"மனே, உன்னை எங்க?"

"கதைக்குத் தேவைப்படேல்லை அம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பார்ப்பார். அதற்குள் கீழே அப்பா எழும்பிவிட்டார்.

"பரிமளம். உண்மையோ?"

மண்டபம் முழுவதும் கேட்டது. அம்மா என்னை இன்னொரு தரம் பார்த்தார். ஒரு வசனம் போதும். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தாங்கள் என்று அவரே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கப்போவது என்னை. அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஓம்," என்றார்.

அவ்வளவுதான். நான் விட்டதை அம்மாவும் விட்டார். என் திருத்தத்தை அவர் ஏற்றுக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அப்பா கோட்டைப் போட்டார். பொத்தான்களை மேலிருந்து கீழாக, ஒன்றையும் விடாமல் பூட்டினார். வெளியே போனார். அலெக்ஸாண்டர் அண்ணையிடம் இந்த இடத்துக்கு எழுதிக்கொடுத்தது எதுவும் இருக்கவில்லை. பின்மண்டபத்தில் சிற்றுண்டி தயார் என்று அறிவித்தார்.

கொண்டுபோன பிரதிகள் எல்லாம் அன்றே முடிந்தன. எங்கள் வரலாற்றில் முதல்தடவையாக, வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் வாசித்தார்கள். வானொலியில் இரண்டு கிழமை சண்டை நடந்தது. தாய்க்குலத்தை அவமதித்தவன் என்றார் ஒருவர். துணிச்சலான குரல் என்றார் இன்னொருவர். பெற்ற பிள்ளையை விற்றவள் என்று அம்மாவைப் பலர் சொன்னார்கள். வேலையிடத்தில் பக்கத்தில் நின்று தட்டு அடுக்குகிற எங்கள் ஊர்ப் பெண்கள் இடம் மாறி நின்றார்களாம். சர்ச்சை என்றால் அப்படித்தான் இருக்கும்.

அப்பா அம்மாவைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அம்மா மூன்று நாளைக்குக் கறி வைத்து ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு, மிசிசாகாவில் ஒரு பேஸ்மென்ற் அறைக்குப் போனார். வேலைக்குக் கிட்ட என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பார். சாப்பிட்டியா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். சரி மனே என்று வைத்துவிடுவார். ஒரு நாளும் கோபமாகப் பேசியதில்லை.

மாசியில் நான் மீராசாஹிபுவைப் பார்க்கப் போனேன். நன்றியை எதிர்பார்த்துப் போனேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் ஏற்றுக்கொள்வேன் என்ற அளவில் போனேன். கடையில் ஆள் இல்லாத நேரம். அவர் மரக்குற்றியில் ஒட்டியிருந்த எலும்புத் தூளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"தெரியும் மகன். உங்கள நான் தூக்கியிரிக்கன்."

"உங்கட பேர் இப்ப சுத்தமாயிட்டு அங்கிள்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அது எப்பயும் சுத்தமாத்தான் இரிந்த. அல்லாஹ்வுக்கும் தெரியும், நம்மட பரிமளம் தங்கச்சிக்கும் தெரியும். மத்தாக்கள் நெனச்சதுக்கு நான் என்ன செய்ய?"

"அம்மாதான் சொன்னவ எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியாம?" கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். "அவனுகள் கடைக்கு வரக்குள்ள உங்களயும் தூக்கிட்டுத்தான் வந்த. ஒருத்தன்ட இடுப்புல இரிந்து பிஸ்கட் திண்டுட்டிரிந்தீங்க. கண்ட ஒடனே வெளங்கிட்டு. தங்கச்சி எதுக்குச் சொன்னெண்டு எனக்கு ஆரும் படிச்சுத் தரத் தேவல்ல. தவநேசனும் மேல இரிந்து உங்களக் கண்டான். ஏணி வைக்க முந்தி அவனாத்தான் எறங்கி வந்தான். அவனுகள் உங்கள என்ட கையில தந்துட்டு அவனக் கொண்டுபோன."

அண்ணன் தானாக இறங்கி வந்தது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

"ஊர் என்னச் சொன்னா நான் வேற ஊர். நாலு நாளையில வாய் மூடுவானுகள். தங்கச்சியச் சொன்னா அவ எங்க போற? கைப்புள்ளையோட," என்றார். "அதான் மகன், நான் ஒண்டும் பேசல்ல."

நான் கிளம்பும்போது கேட்டேன், அப்பாவிடம் இதைச் சொல்லப்போகிறீர்களா என்று. அப்பா இப்போதெல்லாம் எல்ஸ்மியரால் போவதில்லை. லோரன்சால் வந்து, கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் இருக்கிறார். ஒருநாள் மீராசாஹிபு போய்க் கண்ணாடியைத் தட்டித் தேத்தண்ணி கொடுத்தாராம். அப்பா குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாராம்.

"நான் சொல்லமாட்டன்," என்றார் மீராசாஹிபு. "உங்கட உம்மா சொல்லாத ஒண்ட நான் எப்பிடிச் சொல்ற? அது உங்கட வாயால வரணும்."

அவருடைய வார்த்தைகளை நான் யோசிக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். யோசித்தேன். இரண்டாம் பதிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபடியால் உடனே முடிவெடுக்க இயலவில்லை.

போன சனிக்கிழமை காலை அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். முகம் மழித்திருந்தார். நல்ல சேட் போட்டிருந்தார். கையில் கார்ச் சாவி.

"சஞ்சீவன், நீதானே எழுதின நீ. உன்னட்டத்தானே அவள் எல்லாம் சொல்லியிருப்பாள்."

"ஓம் அப்பா."

"ஏன் சொன்னவள்? அடிச்சவங்களோ? என்னெண்டு வெருட்டினவங்கள்? சும்மா சொல்லுற ஆள் இல்லை மகன் அவள். நான் அவளோட முப்பத்தெட்டு வருசம் இருந்திருக்கிறன். ஏதோ ஒண்டு நடந்திருக்கு. நான் கேட்டா வாய் திறக்கிறாளில்லை." அவர் சாவியைக் கைமாற்றிக்கொண்டார். "என்னவெண்டாலும் பறவாயில்லை. ஒரு காரணம் சொல்லு. நான் இப்பவே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிஞ்சியிருக்கிற ஒரே பிள்ளையை ஒரு தகப்பன் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. நான் காரணத்தைச் சொன்னால் அந்தப் பார்வையில் ஏதாவது மாறும் என்று நான் பயந்ததாக நீங்கள் நினைக்கக்கூடும். அது உண்மையல்ல. ஒரு படைப்பு வெளிவந்த பிறகு ஆசிரியன் அதற்குள் கைவைப்பது முறையில்லை.

"அதை வாசிக்கிற ஆக்களே முடிவு செய்யட்டும் எண்டு விட்டிருக்கிறன் அப்பா," என்றேன்.

அப்பா தலையாட்டினார். பிறகு சாவியைக் கொண்டுபோய் ஆணியில் கொளுவினார். அவரும் கோபப்படவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.